எட்டாவது துணி

வேனை ரிவர்ஸில் ஷெட்டுக்குள் ஏற்றிய டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து ஒரு பெரிய வெள்ளை அட்டையை எடுத்தான். ஏதோ பெட்டியைப் பிரித்து, வீட்டிலேயே அளந்து வெட்டிக்கொண்டு வந்திருந்தான். அதை எஞ்சினுக்கு நேர் கீழே தரையோடு தள்ளிவிட்டு எழுந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"மெக்கானிக் சார், பத்து நிமிஷம் ஓடட்டும். எத்தனை சொட்டுன்னு நீங்களே எண்ணிச் சொல்லுங்க."

சாராம், சார்! பத்தொன்பது வருஷம் 'மச்சான்' என்று கூப்பிட்ட வாய் அது. கல்யாணமான மறுநாள் காலையில், "என்ன மச்சான், உன் தங்கச்சி இப்படிக் குறட்டை விடுறா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டு, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, உள்ளேயிருந்து கரண்டி பறந்து வந்தது. அன்றிலிருந்து ஒருவர் மச்சான், ஒருவன் மாப்ள. வா, போ தவிர வேறு பேச்சே கிடையாது. இப்போது நாற்பது நாளாக வாங்க, போங்க, சார். சொந்தக்காரர்களுக்குள் மரியாதை கூடிவிட்டால் என்ன அர்த்தம் என்று மெக்கானிக்குக்குத் தெரியாதா? பதிலுக்கு 'மாப்ள' என்று சொல்ல வாயெடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால் அவரும் 'வாங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

குனிந்து பார்த்தார். முதல் சொட்டு விழ இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. விழுந்த இடத்தில் கறுப்பாக, வட்டமாக, அட்டையில் ஊறிப் பரவியது. பிறகு இன்னொன்று. டிரைவர் சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு வெளியே தெருவைப் பார்த்தபடி நின்றான். பத்து நிமிஷம் முடிந்ததும் உள்ளே எட்டி எஞ்சினை அணைத்தான்.

"பதினொண்ணு," என்றார் மெக்கானிக்.

"மூணு மணிக்கு ஆஸ்பத்திரி ஆபீசர் இதே மாதிரி தாள் விரிச்சுத்தான் பாப்பாங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி வேணாம்னு எழுதிருவாங்க. இப்ப மணி எட்டு."

சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிற ஒன்பது பேரை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய், முடிந்ததும் அதே வாசலில் இறக்கிவிட வேண்டும். அதுதான் அந்த வேனின் வேலை. டிரைவர் ஓட்டுவான். அவன் மனைவி, அதாவது மெக்கானிக்கின் தங்கை, கூடவே போய் அவர்களைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்குவாள். வேலை போனால் இருவருக்கும் சேர்ந்தே போகும். போன வாரம் ஒழுகிய ஆயில் சூடான சைலன்சர் குழாயில் பட்டுப் புகைந்து, புகை வண்டிக்குள் ஏறி, பின்சீட்டில் இருந்த தையல்காரர் இருமி இருமி அப்படியே சாய்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. புதன்கிழமை, அதாவது இன்று, மூன்று மணிக்குப் பரிசோதனை. தேறாவிட்டால் வியாழக்கிழமை காலையிலிருந்து வேறு வேன். அந்த வேறு வேன்காரர் இப்போதே நோயாளிகள் ஏற வசதியாகத் தன் வண்டிக்குப் படி அடித்துவிட்டார் என்றும் கேள்வி.

எல்லாம் எஞ்சின் மாற்றியதில் வந்த வினை. பழைய எஞ்சின் ஆயில் வற்றி, ஓட்டத்திலேயே இறுகிச் செத்துப் போனது. விபத்தில் நொறுங்கிய இதே மாடல் வேன் ஒன்றிலிருந்து எடுத்த எஞ்சினை மெக்கானிக்தான் தேடிப் பிடித்து, கொண்டுவந்து, மாட்டினார். மூன்றாம் நாளே சொட்டு. "மச்சான், ஒழுகுது" என்று வந்து நின்றவனைப் பார்த்து, ஷெட்டில் நாலு டிரைவர்கள் இருக்கும்போதே கத்திவிட்டார்: "ஆயில் பாக்காம ஓட்டி ஒரு எஞ்சினைக் கொன்னவன்தானே நீ? இதையும் கொல்லத்தான் போற!" அன்றைக்குப் போன 'மச்சான்'தான், திரும்பி வரவில்லை.

ஏன் அப்படிக் கத்தினார்? விஷயம் அங்கேதான் இருக்கிறது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டு பின்பக்கமாக வெளியே வந்து கியர் பாக்ஸோடு சேரும். வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுத்து நிறுத்த ஒரு ரப்பர் வளையம் உண்டு, பின் சீல். புதுசு வாங்கித்தான் வைத்திருந்தார். மாட்டும்போது அதன் உதடு, அதாவது தண்டைக் கவ்வும் விளிம்பு, மடங்கி, கையிலேயே கிழிந்துவிட்டது. மணி ஆறு. கடை அடைத்தாயிற்று, மறுநாள் விடுமுறை. டிரைவரோ ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை போன் செய்து, 'நாளன்னிக்கு ட்ரிப் மச்சான், நாளன்னிக்கு ட்ரிப் மச்சான்' என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். எஞ்சினோடு வந்த பழைய சீல், கழற்றும்போது கிழியாமல் எப்படியோ முழுசாக வந்தது, தட்டில் கிடந்தது. அமுக்கிப் பார்த்தார், மெத்தென்றுதான் இருந்தது. துடைத்து, மாட்டி, கியர் பாக்ஸை ஏற்றி மூடிவிட்டார். "எல்லாம் புதுசு" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கியர் பாக்ஸை இறக்காமல் அந்த இடத்தை ஒருவரும் பார்க்க முடியாது.

வேலையில் ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர். 'கை சுத்தம்' என்று பெயர் வாங்கியவர். எஞ்சினைப் பிரித்தால் திறந்து கிடக்கும் ஓட்டை எல்லாவற்றையும் தூசி போகாமல் துணி வைத்து அடைப்பார். அதற்கென்று சிவப்புச் சட்டை ஒன்றைக் கிழித்துத் துண்டு துண்டாக வைத்திருந்தார். ஒரு துணி உள்ளே போனால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. வெளியே எடுத்தால் அந்தக் கோட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு. கோடும் குறுக்குக் கோடும் சரியாக இருந்தால்தான் சாவி. இந்த வேனுக்குப் போட்ட கோடுகள் இன்னும் அழியாமல் சுவரில் இருந்தன. ஏழு கோடு, ஏழு குறுக்கு. இவ்வளவு சுத்தக்காரர் சீலில் போய் வழுக்கி விழுந்தார்.

அதற்குப் பிறகு டிரைவர் ட்ரிப்புக்கு நடுவே அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போதெல்லாம் எதையாவது மாற்றினார். மேல்மூடி கேஸ்கெட் மாற்றினார். அடி போல்ட்டுக்கு வாஷர் மாற்றினார். ஆயில் ஃபில்டரைக் கழற்றி மாட்டினார். உண்மையைச் சொன்னால், தேடுகிற மாதிரி பாவனைதான் செய்துகொண்டிருந்தார். ஒழுகுவது எங்கே என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தார். டிரைவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றுதான் பயம்.

எட்டரைக்குத் தங்கை ஃபிளாஸ்க்கோடு நடந்து வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவர்கிட்ட சொல்லு," என்றார் மெக்கானிக், மூன்றடி தள்ளி நிற்கிறவனைப் பார்க்காமல். "எஞ்சின் முழுசும் கழுவணும். அப்புறம் காயணும். ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"கழுவச் சொல்லு," என்றான் டிரைவர்.

"நான் என்ன ரேடியோவா?" என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?"

பானெட்டைத் தூக்கி, டீசலும் பிரஷ்ஷுமாக மேலிருந்து கீழே வரை தேய்த்தார். நாற்பது நாள் ஆயிலும் தூசியும் சேர்ந்து தோல் மாதிரி படிந்திருந்தது, வழித்து எடுக்க வேண்டியிருந்தது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியின் தலையில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிப் பக்கத்துக் குழாயோடு கட்டியிருந்தது கண்ணில் பட்டது. டிரைவர்கள் எதை எதோடு கட்டுவார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. பேச்சுவார்த்தை இருந்தால் கேட்டிருப்பார். தண்ணீர் அடித்து, காற்றடித்து, துணியால் ஒற்றி எடுத்து முடித்தபோது எஞ்சின் புதுசு போலத்தான் நின்றது.

"உங்கிட்ட பவுடர் இருக்கா?"

தங்கை எப்போதும் பையில் பவுடர் டப்பா வைத்திருப்பாள். வேனில் நெடுநேரம் சாய்ந்து வருகிறவர்களின் முதுகும் கழுத்தும் வேர்த்துப் புண்ணாகாமல் இருக்க. "எஞ்சினுக்கா கேக்குற?" என்றாள். ஆனால் எடுத்துக் கொடுத்தாள். அவர் உள்ளங்கையில் கொட்டி ஊதி ஊதி எஞ்சின் முழுக்கப் படியவிட்டார். எங்கே கசிந்தாலும் வெள்ளையில் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும்.

"பொண்ணு பாக்க வர்றாங்களா, வண்டியை?" என்றான் டிரைவர். பழக்க தோஷத்தில் வந்துவிட்ட கிண்டல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக்குக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. அதைப் பார்த்ததும் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இருபது நிமிஷம் எஞ்சின் ஓடியது. அணைத்ததும் மெக்கானிக் டார்ச்சோடு அடியில் நுழைந்தார். வேறு எங்கும் பார்க்கவில்லை, நேராக அந்த இடத்துக்குத்தான் போனார். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில், அடியில், சுண்டு விரல் நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. பின் சீல் கசிந்தால் அதன் வழியாகத்தான் வெளியே வரும். ஓட்டையைச் சுற்றிப் பவுடர் கரைந்து கறுப்பாக நனைந்திருந்தது. முதுகு தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி அப்படியே கிடந்தார்.

வெளியே வந்தபோது மணி பத்தரை. 'புது சீலும் சில சமயம் போயிரும், கம்பெனி சரக்கே அப்படித்தான்' என்று சொல்ல ஒரு வாக்கியம் நாற்பது நாளாகத் தயாராக இருந்தது. தங்கை டீயை ஊற்றி நீட்டினாள். "அண்ணே, தையல்காரர் நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? உங்க அண்ணன் கை வெச்ச வண்டிதானே, சரியாயிரும்மான்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

அவர் டீயை வாங்கவில்லை.

"பின் சீல் புதுசு போடல நான்," என்றார்.

மிச்சத்தையும் சொன்னார். புதுசு கிழிந்தது, கடை அடைத்தது, பழசையே துடைத்து மாட்டியது, பொய் சொன்னது. "கியர் பாக்ஸை இறக்கணும். நாலு மணி நேரம். உயிரைக் கொடுத்துச் செஞ்சா ரெண்டரைக்கு முடிச்சிருவேன். சீல் கடையில இருக்கு, கேட்டுட்டேன்."

டிரைவர் கத்துவான் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்டாண்டுல எல்லாரும் கேட்டானுங்க," என்றான் டிரைவர், மிக மெதுவாக. "மாட்டினவன் சரியில்லையாடான்னு. எஞ்சின்தான் சொத்தை, மாட்டினவர் கை சுத்தம்னு சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி என்னைக் கேவலப்படுத்தின பிறகும் அதைத்தான் சொன்னேன். நேத்து வரைக்கும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன், மெக்கானிக் சார்."

போய் வேனில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். தங்கை டீயைத் திரும்ப ஃபிளாஸ்க்கில் ஊற்றினாள்.

இனி பேசி என்ன, வேலையைப் பார்க்க வேண்டியதுதான் என்று எழுந்தார். கியர் பாக்ஸில் கை வைப்பதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பானெட்டுக்குள் குனிந்தார். குனிந்தவர் ஸ்பேனரை வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

மேல்மூடியின் ஓரமெல்லாம் பவுடர் நனைந்திருந்தது. அவரே கேஸ்கெட் மாற்றிய மூடி. முன்பக்க சீலைச் சுற்றியும் ஈரம். ரப்பர் பேண்டு கட்டிய கம்பியின் அடியிலும் ஈரம். ஒரு சீல் கெட்டால் ஒரு இடத்தில்தான் ஒழுகும். நாலு இடமும் ஒன்றாகக் கூடிப் பேசி ஒரே நாளில் கெடாது.

"இந்த ரப்பர் பேண்டு யார் போட்டது?" என்றார். ரேடியோ வழியாக இல்லை, நேராக.

கண்ணாடி இறங்கியது. "நான்தான்."

"எதுக்கு?"

"கம்பி தானா எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய வருது. தட்டி உள்ள விட்டாலும் வருது. அதான் கட்டிட்டேன்."

"எத்தனை நாளா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே, சார். சொன்னா அதுக்கும் நாலு பேர் முன்னாடி திட்டுவீங்க."

திட்டியதை அவர் மறுக்கவில்லை. ரப்பர் பேண்டை அவிழ்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மூன்று பேரும் கம்பியைப் பார்த்தார்கள். அரை நிமிஷம் சும்மா இருந்தது. பிறகு மெல்ல, உள்ளேயிருந்து யாரோ விரலால் நெட்டித் தள்ளுகிற மாதிரி, மேலே எழும்பி வந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தார். புஸ்ஸென்று சூடான காற்றும் ஆயில் துளிகளும் முகத்தில் அடித்தன. உள்ளே அழுத்தம். அந்த அழுத்தம்தான் வழி கிடைத்த இடத்திலெல்லாம் ஆயிலை வெளியே தள்ளுகிறது.

இதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். பிஸ்டன்கள் தேய்ந்து புகை கீழே இறங்குகிறது என்றால் எஞ்சின் முடிந்தது, கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் எஞ்சின் மூச்சுவிடும் குழாய் அடைத்திருக்க வேண்டும். மேல்மூடியிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகிற ரப்பர் குழாய். உள்ளே சேரும் புகையும் காற்றும் அதன் வழியாகத்தான் வெளியேறும். வெளியிலிருந்து பார்த்தால் விரிசலோ மடிப்போ இல்லாமல் நன்றாகத்தான் இருந்தது. இதுவரை அதைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? சீல், சீல் என்று ஒன்றே மண்டைக்குள் உட்கார்ந்திருந்தால்?

ஆயில் ஊற்றும் மூடியை மறுபடி திருகி மூடிவிட்டு, மேல்மூடியில் மாட்டியிருந்த குழாய் முனையை உருவினார். புஸ் என்ற சத்தம் ஒரு தரம் பெரிதாக வந்து அடங்கியது. கம்பியை உள்ளே தள்ளினார். இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அசையவில்லை.

குழாயின் மறுமுனையையும் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இருட்டு. வேறொரு மெல்லிய கம்பியை வளைத்துக் கொக்கி போட்டு உள்ளே விட்டு இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது, ஆயிலில் ஊறிய ஒரு துணி.

முதலில் சுவரைத்தான் திரும்பிப் பார்த்தார். ஏழு கோடு, ஏழு குறுக்கு. துணியைப் பிரித்தார். சிவப்பு இல்லை. கறுப்புக்கு நடுவே நீலக் கட்டம் தெரிந்தது.

டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். "இது என் கர்ச்சீப்பு," என்றான். "எஞ்சின் மாத்தின அன்னிக்குக் காணோம்னு தேடினேனே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மெக்கானிக்கின் முகத்தில் எழுந்த சந்தேகம் வார்த்தையாவதற்குள் பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது.

"அண்ணே." தங்கை எழுந்து நின்றிருந்தாள். பேயறைந்த மாதிரி இருந்தாள். "நான்தான் அண்ணே. அன்னிக்கு உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன்ல. நீ கை கழுவப் போயிருந்த. எல்லா ஓட்டையிலயும் சிவப்புத் துணி வெச்சிருந்த. இந்தக் குழாய் மட்டும் வாயைப் பொளந்துட்டுக் கிடந்துச்சு. அண்ணன் இதை மறந்துட்டானே, தூசி போயிருமேன்னு, வண்டிக் கண்ணாடியில காயப்போட்டிருந்த இவரு கர்ச்சீப்பை எடுத்து நல்லா உள்ள தள்ளி... நீ வந்ததும் சொல்லணும்னுதான் நினைச்சேன். நீ உப்பு பத்தலைன்னு ஆரம்பிச்ச. அதுல மறந்தே போச்சு."

சின்ன வயதிலிருந்து அண்ணன் துணி வைத்து அடைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கோடு போடுவதையும் பார்த்தவள்தான், ஆனால் கோடு அவருடைய வேலை என்று விட்டுவிட்டாள். மெக்கானிக்குக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "தையல்காரரை நான்தானே அண்ணே தூக்கிப் பிடிச்சேன். என் மடியிலதான் சாஞ்சாரு. என்னாலன்னு தெரியாமயே தண்ணி கொடுத்துட்டு இருந்தேனே."

யாரும் அவளைத் திட்டவில்லை. அந்த ஷெட்டில் திட்டுகிற தகுதி அன்று ஒருவருக்கும் இல்லை. டிரைவர் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எந்திரி, எந்திரி" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தான். மணி பதினொன்றரை. இப்போது கியர் பாக்ஸை இறக்கினால் மூன்று மணிக்குள் ஏற்ற முடியாது.

"அந்தப் பழைய சீல் தாங்குமா?"

"தெரியாது," என்றார் மெக்கானிக். "நாப்பது நாளா அழுத்தம் வாங்கியிருக்கு. உதடு மடங்கியிருக்கலாம், மடங்காமலும் இருக்கலாம். அப்புறம், சீல் நல்லா இருந்தாலும் உள்ள தேங்கின பழைய ஆயில் கொஞ்ச நேரம் வடியத்தான் செய்யும். சத்தியமா எனக்குத் தெரியாது. எப்படியும் ஞாயித்துக்கிழமை இறக்கிப் புதுசு போட்டுத் தரேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேலை இருந்தாத்தானே, மெக்கானிக் சார்."

குழாயைக் கழுவி மாட்டினார். மூடியையும் முன்பக்கத்தையும் துடைத்தார். அடியில் நுழைந்து அந்த ஓட்டைக்குள் துணியைத் திருகி விட்டு எட்டின வரைக்கும் ஆயிலை ஒற்றி எடுத்தார். தங்கை அழுதுகொண்டே கர்ச்சீப்பை சோப்புப் போட்டுக் கசக்கி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். அது வெளுக்கவில்லை. கிளம்பும்போது டிரைவர் அதை எடுத்து ஈரத்தோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியின் பின்புறம், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஆபீசர் அம்மா கடிகாரத்தையும் அட்டையோடு கூடிய காகிதத்தையும் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். பக்கத்திலேயே அந்த வேறு வேன், கழுவித் துடைத்துப் பளபளவென்று. ஆபீசர் அம்மா மடிப்பில்லாத வெள்ளைத் தாளைத் தானே விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, "ஸ்டார்ட் பண்ணுங்க. பத்து நிமிஷம்" என்றார்.

மெக்கானிக் தரையில் முழங்கை ஊன்றிப் படுத்துவிட்டார். டயருக்குப் பின்னால் தங்கையின் செருப்புகள் தெரிந்தன, கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிஷம். தாள் வெள்ளையாக இருந்தது. ஐந்து நிமிஷம். மேல்மூடி காய்ந்தே இருந்தது, முன்பக்கம் காய்ந்தே இருந்தது. இத்தனை வருஷ வேலையில் இல்லாத அளவுக்கு ஒரு ஓட்டையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிஷத்தில் அதன் விளிம்பு ஈரமானது.

ஈரம் ஒரு புள்ளியாகச் சேர்ந்தது. புள்ளி மெல்லப் பருத்தது. கறுப்பு. உள்ளே தேங்கிய பழையதா, சீல் விடுகிற புதியதா? நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. காலணிச் சத்தம் கேட்டது. ஆபீசர் அம்மா காகிதத்தில் எதையோ குறித்தபடி பின்டயரைப் பார்க்க நடந்து போனார். அவருடைய குதிகால்கள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

பக்கத்தில் யாரோ படுத்தார்கள். தோளோடு தோள் இடித்தது. டிரைவரும் துளியைப் பார்த்துவிட்டான். அவன் மூச்சு மெக்கானிக்கின் காதில் பட்டது.

"மச்சான்," என்றான்.

நாற்பது நாள் காத்திருந்த வார்த்தை. திரும்பிப் பார்ப்பதற்குள் கையில் ஈரமாக என்னமோ திணிக்கப்பட்டது. கர்ச்சீப்பு.

"தொடச்சிரு மச்சான். அவங்க அந்தப் பக்கம் பாக்கறாங்க. ரெண்டு நிமிஷம்தான். ஞாயித்துக்கிழமைதான் புதுசு போடப் போறியே, அது வரைக்கும்தான். மச்சான்..."

பழைய ஆயில் என்றால் துடைப்பதில் பொய்யே இல்லை. சீல் விடுகிற புது ஆயில் என்றால் நாளைக் காலை ஆறு மணிக்குத் தையல்காரர் பின்சீட்டில் ஏறி உட்காருவார், 'உங்க அண்ணன் கை வெச்ச வண்டி' என்று. கை நீட்டினால் எட்டுகிற தூரம். கர்ச்சீப்பை விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்தார். டயருக்குப் பின்னால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றுவிட்டது. பின்டயர் பக்கத்தில் காலணிகள் திரும்பத் தொடங்கின.

"மாப்ள," என்றார் அவர்.

ஓட்டையின் விளிம்பில் துளி கனத்து, அடிப்பக்கம் நீண்டு, எஞ்சினின் அதிர்வில் மெல்ல நடுங்கியபடி, வெள்ளைத் தாளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.